நாலு முள்ளெலும்பும் ஒரு டைனோசரும்: லேவிசூக்கஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: லேவிசூக்கஸ் இண்டிகஸ் எங்கே கிடைத்தது? எவ்வளவு எலும்பு இருக்கிறது?

ஜபல்பூரின் படா சிம்லா குன்றில். அங்குள்ள லமேட்டா பாறை அடுக்கு, டைனோசர் யுகத்தின் இறுதிக் காலமான கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் புவியியலாளர் சார்லஸ் மேட்லி அங்கே தோண்டினார். அவரும் ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் ஃபிரீட்ரிக் ஃபான் ஹ்யூனேயும் சேர்ந்து 1933இல் பெயர் வைத்தார்கள். அவர்களிடம் இருந்தது கழுத்து முள்ளெலும்பு மூன்று, முதுகு முள்ளெலும்பு ஒன்று. அவ்வளவுதான். மண்டையும் இல்லை, காலும் இல்லை.

கேள்வி: பல்லே கிடைக்காதபோது ஊனுண்ணி என்று எப்படிச் சொல்கிறீர்கள், சார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்த நாலு எலும்பில் நேரடிச் சான்று கிடையாது, உறவை வைத்துத்தான் சொல்கிறோம்.

கழுத்து முள்ளெலும்பைத் திருப்பிப் பக்கவாட்டில் பாருங்கள். உருளை போன்ற உடற்பகுதியில் சின்னத் துளைகள் தெரியும். காற்றுப்பைகள் எலும்புக்குள் புகுந்த வழி அது; இன்றைய பறவைகளிலும் உண்டு. அப்புறம் மேலே பாருங்கள். வழக்கமாக நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டிய முள் இதில் குட்டையாக, முன்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. மடகாஸ்கரில் கிடைத்த மசியகாசாரஸ் என்ற சிறிய ஊனுண்ணி டைனோசரின் கழுத்திலும் இதே அமைப்புதான். இரண்டையும் நோவாசாரிட் குடும்பத்தில் சேர்க்கிறோம். 1933இல் இதற்கு வழியே இல்லை; குடும்பத்துக்குப் பெயர் தந்த அர்ஜென்டினாவின் நோவாசாரஸுக்கே 1980இல்தான் பெயர் வந்தது. அதனால் அன்று இதை வேறு சிறிய ஊனுண்ணிகளோடு சேர்த்தார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சீனாவின் லிமுசாரஸ் என்ற டைனோசருக்குக் குட்டியில் பல் உண்டு, வளர்ந்தபின் ஒன்றுகூட இருக்காது. அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆகவே லேவிசூக்கஸ் இறைச்சி தின்றது என்பது நல்ல ஊகம், நிரூபணம் அல்ல.

கேள்வி: இது, இந்தியாவில் கிடைத்த பெரிய ஊனுண்ணியான ராஜாசாரஸின் குட்டியாக இருக்கக் கூடாதா?

சிறிய எலும்பு என்றாலே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இளம் விலங்கில் முள்ளெலும்பின் உருளைக்கும் மேல் வளைவுக்கும் நடுவே ஒரு பொருத்துக்கோடு இருக்கும், வயது ஏற ஏற அது மூடிவிடும்; வயதை அறிய அது ஒரு வழி. ஆனால் இங்கே அதுவரை போக வேண்டியதில்லை. ராஜாசாரஸ் சேர்ந்த அபெலிசாரிட் குடும்பத்தின் கழுத்து வார்ப்பே வேறு: குட்டை, கனம். வளர்ந்தால் மாறிவிடும் என்று சொல்லித் தப்பிக்க முடியாத வித்தியாசம் அது. தவிர, நோவாசாரிட் குடும்பத்தில் சிறிய உடல் சகஜம். மசியகாசாரஸ் எலும்பை வெட்டிப் பார்த்ததில், முழு வளர்ச்சிக்கு 8 முதல் 10 ஆண்டு எடுத்தது தெரிந்தது. அத்தனை ஆண்டு வளர்ந்தும் நீளம் சுமார் 2 மீட்டர்தான். லேவிசூக்கஸுக்குச் சொல்லப்படும் நீளமும் கிட்டத்தட்ட அதே. உறவினரைப் பார்த்துப் போட்ட கணக்கு.

கேள்வி: லேவிசூக்கஸை வரைந்த ஒரு படத்தில் முன்பல் வெளியே துருத்திக்கொண்டு இருந்ததே?

அது மசியகாசாரஸின் பல். லேவிசூக்கஸுக்கு ஓவியர் கடன் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: அதே இடத்தில் வேறு சிறிய ஊனுண்ணிகள் உண்டா?

பெயர்கள் நிறைய உண்டு: ஜபல்பூரியா, சீலுராய்டிஸ், காம்ப்சோசூக்கஸ். எல்லாம் அதே 1933 வெளியீட்டில் வந்தவை, எல்லாம் ஓரிரு எலும்பை நம்பி வைத்தவை. எலும்புகள் கலைந்து கலந்து கிடந்த படுகை அது. கழுத்துக்கு ஒரு பெயர், முதுகுக்கு இன்னொரு பெயர் என்று ஒரே விலங்குக்கு இரண்டு விழுந்திருக்கலாம். இவற்றில் பலவற்றை இன்று ஐயத்துக்குரிய பெயர்களாகவே வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் லேவிசூக்கஸ் தப்பித்ததே அந்த முன்தள்ளிய முள்ளால்தான்.

கேள்வி: அசல் எலும்புகளை இப்போது பார்க்க முடியுமா?

கஷ்டம். பெரும்பாலானவை சேகரிப்பிலிருந்து காணாமல் போய்விட்டன. ஆய்வாளர்களே 1933இல் அச்சான படங்களையும் விவரிப்பையும் வைத்துத்தான் பெருமளவு வேலை செய்கிறார்கள். எலும்பு எந்தக் கோணத்தில் வரையப்பட்டதோ, அந்தக் கோணத்தில் தெரிவது மட்டும்தான் அவர்களுக்கும் தெரியும்.