மேற்கு நாடுகள் தாங்கிப் பிடிச்ச சர்வாதிகாரிகள் செஞ்ச படுகொலைகளை மட்டும் உலகம் ஏன் மறந்துடுது?

'மறந்துடுது'ங்கற வார்த்தையில எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஏன்னு சொல்ல ஒரு ஊரைப் பத்தி பேசணும். பாலி. நம்ம ஆளுங்க ஹனிமூனுக்கு போற அதே பாலி தான்.

2023-ல நானும் என் மனைவியும் போயிருந்தோம். குட்டாவுல லெஜியான் தெருவுல ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. 2002 அக்டோபர் 12 ராத்திரி அங்க குண்டு வெடிச்சு 202 பேர் செத்தாங்க, அதுல 88 பேர் ஆஸ்திரேலியாக்காரங்க, 38 பேர் இந்தோனேசியாக்காரங்க. அத்தனை பேரோட பேரும் நாடு வாரியா கல்லுல இருக்கு. கீழ யாரோ தென்னங்குருத்துல பின்னின சின்னத் தட்டுல பூ வச்சிருந்தாங்க. அந்தப் பேர்களை படிக்கறப்ப மனசு கனத்துப் போச்சு, பாதிக்கு மேல இருபது, இருபத்தஞ்சு வயசுப் பசங்களா இருந்திருப்பாங்க. என் மனைவி எங்க டிரைவர்கிட்ட, உங்க சொந்தத்துல யாராவது போய்ட்டாங்களா அண்ணான்னு கேட்டா. அவர் "இதுல இல்ல"ன்னார். அந்த 'இதுல'ங்கற வார்த்தை அப்ப எனக்கு உறைக்கல.

மறுநாள் உபுத் போற வழியில அவரே சொன்னார். அவர் தாத்தா விவசாய சங்கத்துல இருந்தவர். நிலச் சீர்திருத்த சட்டம் 1960-லயே வந்துருச்சு, ஆனா நிலத்தை யார் விட்டுக் குடுப்பா, அதை அமல்படுத்துன்னு சங்கம் வரப்புல இறங்கி சண்டை போட்டுச்சு, அது கம்யூனிஸ்ட் கட்சியோட சங்கம். 1965 டிசம்பர்ல ஒரு ராத்திரி ஊர்க் கூட்டம்னு சொல்லி கூட்டிட்டு போனாங்க, அவ்வளவு தான், உடம்பு கூட வரல. பல வருஷம் கழிச்சு ஓலையும் மரமும் வச்சு ஒரு உருவம் செஞ்சு தான் தகனம் பண்ணினாங்களாம். நம்ம பக்கம் உடம்பு கிடைக்காதவங்களுக்கு தர்ப்பையில உருவம் பண்ணி எரிப்பாங்கல்ல, கிட்டத்தட்ட அதே தான், கேட்டதும் எனக்கு பேச்சே வரல. அவர் அப்பாவுக்கு அரசு வேலை கிடைக்கவே இல்ல, கம்யூனிஸ்ட் குடும்பத்து ரத்தம்னா வாத்தியாரா கூட ஆக முடியாதுன்னு இந்தோனேசியாவை ஆண்ட ராணுவ சர்வாதிகாரி சுகார்த்தோ காலத்துல விதியே இருந்துச்சு.

பாலியில மட்டும் அந்த சில மாசத்துல செத்தவங்க சுமார் 80,000 பேர்னு கணக்கு. தீவுல இருபதுல ஒருத்தர். இந்தோனேசியா முழுக்க 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் சொல்றாங்க.

நடந்தது என்னன்னா, 1965 அக்டோபர் 1 விடியக்காலைல ஜகார்த்தாவுல ஆறு ஜெனரல்களையும் ஒரு இளம் அதிகாரியையும் கொன்னு ஒரு கிணத்துல போட்டாங்க. கொன்னது ராணுவத்துக்குள்ளயே இருந்த ஒரு குழு, கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையில சிலருக்கு அதுல பங்கு இருந்துச்சுன்னு தான் நானும் நினைக்கிறேன். ஆனா ரிசர்வ் படைத் தளபதியா இருந்த சுகார்த்தோ மொத்தப் பழியையும் 30 லட்சம் பேர் இருந்த கட்சி மேல போட்டார், கட்சியோட பெண்கள் அமைப்பு ஜெனரல்களோட உடம்பை சிதைச்சாங்கன்னு பேப்பர் பேப்பரா எழுத வச்சாங்க. பிரேதப் பரிசோதனை அறிக்கையில அப்படி ஒண்ணுமே இல்ல. அந்தப் பரிசோதனைக்கு உத்தரவு போட்டவரே சுகார்த்தோ தான், பொய்னு தெரிஞ்சே விட்டாங்க. அதை வச்சே ஊர் ஊரா கட்சிக்காரங்களை வேட்டையாடினாங்க. கத்தி பிடிச்ச கை எல்லாம் உள்ளூர்க் கை தான், பக்கத்து வீட்டுக்காரன் கை கூட, அதை நான் மறைக்கல. ஆனா ஜகார்த்தா அமெரிக்க தூதரகத்துல வேலை பார்த்த ராபர்ட் மார்ட்டன்ஸ்னு ஒரு அதிகாரி கட்சிக்காரங்க பேரை ஆயிரக்கணக்குல பட்டியல் போட்டு ராணுவத்துக்கு போய்ச் சேர்ற மாதிரி குடுத்தார், 1990-ல அதை அவரே ஒத்துக்கிட்டார். தூதர் மார்ஷல் கிரீன், கட்சியை ஒழிக்க கிளம்பின அமைப்புக்கு 5 கோடி ரூபியா குடுக்க பச்சைக்கொடி காட்டினார், தூதரகக் காகிதத்துலயே அது இருக்கு.

இப்ப முதல்ல சொன்ன விஷயத்துக்கு வரேன். 1966 ஜூலைல ஆஸ்திரேலியப் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் நியூயார்க்ல பேசறப்ப, 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்களை தீர்த்துக் கட்டியாச்சு, நாடு திசை மாறிடுச்சுன்னு எடுத்துக்கலாம்னு சொன்னார். ரகசியக் கூட்டம் இல்ல, பத்திரிகையில வந்த பேச்சு. அதே மாசம் டைம் பத்திரிகை, ஆசியாவுல இருந்து மேற்குக்கு பல வருஷத்துல வந்த நல்ல செய்தி இதுதான்னு எழுதுச்சு. எத்தனை பேர் செத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சே இருந்துச்சு. சாவுச் சேதியே நல்ல சேதியா தான் போய்ச் சேர்ந்துச்சு, யாரும் துக்கமே அனுஷ்டிக்கலைங்கறப்ப அதை மறந்துட்டாங்கன்னு எப்படி சொல்றது? இதே கொலைகளை 20-ம் நூற்றாண்டோட மிக மோசமான படுகொலைகள்ல ஒண்ணுன்னு, நாஜிகளோட சேர்த்து எழுதினது 1968-ல சிஐஏவே தான், ஆனா அது உள்ளுக்குள்ள புழங்கின அறிக்கை.

அதே பிரதமரோட நாடு 36 வருஷம் கழிச்சு அதே மண்ணுல 88 பிள்ளைகளை பறிகொடுத்துச்சு. அவங்க அழுகை நிஜம், அந்தக் கல்லு அங்க இருக்கணும். டிரைவரோட தாத்தாவுக்கும் ஒரு கல்லு இருக்கணும்னு தான் சொல்றேன்.

இந்தோனேசியாவுக்குப் பக்கத்துல இருக்கற குட்டி நாடு கிழக்கு திமோரும் இதே கதை தான். 1975 டிசம்பர் 6 அன்னிக்கு அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவுல சுகார்த்தோவோட உக்காந்து பேசினாங்க, மறுநாள் இந்தோனேசியப் படை திமோர்ல இறங்குச்சு. 24 வருஷ ஆக்கிரமிப்புல குறைஞ்சது ஒரு லட்சம் பேர் செத்தாங்க. உலகம் திரும்பிப் பார்த்தது 1991 நவம்பர் 12 அன்னிக்கு திமோர் தலைநகர் டிலியில சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துல ஊர்வலம் போன பசங்களை சுட்டப்ப தான், ஏன்னா அங்க கேமரா இருந்துச்சு. மாக்ஸ் ஸ்டால்னு ஒருத்தர் படம் பிடிச்சு, பிடிபடறதுக்கு முன்னாடி டேப்பை அங்கயே ஒரு புதுக் கல்லறை மண்ணுல புதைச்சு வச்சுட்டு, ராத்திரி திரும்பப் போய் தோண்டி எடுத்தார். பாலியில 1965-ல அப்படி ஒரு கேமரா இல்ல.

கம்யூனிஸ்ட்டுங்க ஆட்சிக்கு வந்திருந்தா அவங்களும் கொன்னிருப்பாங்கன்னு கீழ எழுத வருவீங்கன்னு தெரியும். கம்போடியாவுல கம்யூனிஸ்ட் தலைவர் போல் பாட் கொன்னதை நானும் மறுக்கல. ஆனா நடக்காத ஒரு கொலையைக் காட்டி, வரப்புல நின்னு நிலம் கேட்ட மனுஷன் செத்ததை நியாயப்படுத்தாதீங்க.

ஜகார்த்தாவுல அந்தக் கிணத்துப் பக்கத்துல செத்த ஏழு அதிகாரிகளுக்கும் சிலை இருக்கு. 2023 ஜனவரியில அதிபர் ஜோகோ விடோடோ 1965-66ல மனித உரிமை மீறல் நடந்ததுன்னு ஒத்துக்கிட்டு வருத்தம் தெரிவிச்சார், மன்னிப்புன்னு சொல்லல. 2025 நவம்பர்ல சுகார்த்தோவுக்கு தேசிய நாயகன் பட்டம் குடுத்துட்டாங்க, குடுத்த அதிபர் பிரபோவோ அவரோட முன்னாள் மருமகன்.

பாலி போறவங்க டென்பசார்ல கெசிமான் பக்கம் தாமான் 65-ன்னு விசாரிங்க. இறந்தவங்களோட குடும்பம் ஒண்ணு 2005-ல தங்க வீட்டு வளாகத்துக்குள்ளயே அமைச்ச சின்னத் தோட்டம் அது, அதனால முன்கூட்டியே கேட்டுட்டு போங்க. நான் ஊருக்கு வந்தப்புறம் தான் அதைப் பத்தி தெரிஞ்சுக்கிட்டேன், டிரைவருக்கு வாட்ஸ்அப்ல கேட்டா, அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு போயிருக்கேன்னு பதில் போட்டிருந்தார்.