ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) துருநோய்: வாசகர் கேள்விகள்

பக்கத்து வீட்டு ஸ்புரூஸில் ஆரஞ்சுப் பொடி. என் மரத்துக்கும் தொற்றுமா? (எட்மன்டன்)

தொற்றாது. அந்தப் பொடி துருப் பூஞ்சையின் வித்து. அது லாப்ரடார் டீ என்ற சதுப்புநிலப் புதர்ச்செடியைத்தான் பிடிக்கும், இன்னொரு ஸ்புரூஸை அல்ல. இரண்டு மரத்திலும் வந்தால், இரண்டுக்கும் அந்தச் செடியிலிருந்துதான் வந்திருக்கும்.

ஆகஸ்டில் பொடியைப் பார்த்தேன். என்ன மருந்து அடிக்க?

எதுவும் வேண்டாம். தொற்றியது ஜூன் மழையில், புது ஊசியிலை விரிந்தபோது. இப்போது மருந்தடிப்பது காசைக் கரியாக்கும் வேலை. நோய் கண்ட இலை கொட்டும், மரம் அடுத்த ஆண்டு துளிர்க்கும்.

வேலிக்கு அப்பால் சதுப்பு முழுக்க லாப்ரடார் டீ. பிடுங்கிவிடட்டுமா?

வருஷா வருஷம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வேண்டாம் ஐயா! மண்வெட்டியைக் கீழே வையுங்கள். முதலில் ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். ஆரஞ்சுப் புள்ளி மேற்பரப்பில் இருந்தால் கிரைசோமிக்ஸா லெடிகோலா என்ற துருப் பூஞ்சை. அடியில், பழுப்புக் கம்பளி ரோமத்துக்கு நடுவே இருந்தால் கிரைசோமிக்ஸா லெடி. எதுவானாலும் உங்கள் வேலியோரம் நாலு செடி போனால், பின்னாலிருக்கும் சதுப்பிலிருந்து காற்று வித்துகளைக் கொண்டுவரும். வெள்ளைப் பைன் மரத்தின் கொப்புளத் துருவுக்காக அமெரிக்கர்கள் அதைப் பரப்பும் ரைபீஸ் செடிகளை (கரண்ட், கூஸ்பெர்ரி வகை) அரை நூற்றாண்டு பிடுங்கினார்கள். 1930களில் அதற்கென்றே கூலிப் பட்டாளம் இருந்தது. வளர்க்கத் தடையும் போட்டார்கள், 1966-ல் அதை நீக்கியும் விட்டார்கள். துரு இன்னும் இருக்கிறது. அதுவாவது மரத்தைக் கொல்லும் நோய். உங்களுடையது ஓர் ஆண்டின் இலையோடு போவது. அதற்குப் போய் சதுப்பை அழிப்பதா? நாற்றங்கால் வைத்திருப்பவர் சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்தால் சரி, அதில் அர்த்தம் உண்டு.

ஸ்புரூஸில் துரு. எந்தச் செடி காரணம்?

இப்படி ஒற்றை வரியில் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். எந்த மாதம்? போன வருஷ இலையா, இந்த வருஷ இலையா? எத்தனை முறை சொல்வது, இலையின் வயதைப் பாருங்கள் என்று! கோடையில், இந்த வருஷ இலையில் என்றால் லாப்ரடார் டீ. வசந்தத்தில், போன வருஷ இலையில் என்றால் கிரைசோமிக்ஸா வெய்ரி என்ற வேறு துரு. அதற்கு மாற்று ஓம்புயிரே (இடையில் தங்கிப் பரவ இன்னொரு செடி) தேவையில்லை, ஸ்புரூஸிலிருந்து ஸ்புரூஸுக்கே தாவும். ஆல்ப்ஸ் மலையில் என்றால் ரோடோடெண்ட்ரானைப் பாருங்கள்.

கிளையில் துடைப்பம் போல மஞ்சள் கொத்து. லாப்ரடார் டீயே இங்கில்லை.

அது வேறு துரு. தரையில் படரும் பேர்பெர்ரி செடியைத் தேடுங்கள், அதிலிருந்துதான் வரும். மரத்திலுள்ள கொத்து குளிர்காலத்தில் இலையுதிர்ந்து செத்ததுபோல் தெரியும், ஆனால் பூஞ்சை கிளைக்குள்ளேயே இருக்கும். வெட்டிவிடலாம்.

ஏரியில் ஆரஞ்சுப் படலம். ரசாயனக் கழிவா? (அலாஸ்கா)

2011-ல் உங்கள் அலாஸ்காவின் கிவலினா கிராமத்திலும் இப்படிப் பதறினார்கள். முதலில் ஏதோ முட்டைகள் என்றார்கள், கடைசியில் லெடிகோலா வித்துகள் என்று உறுதியானது. கரையோரம் ஸ்புரூஸ் இருக்கிறதா? இந்த வருஷ இலையைப் பாருங்கள்.