ஏப்ரலில் மகளைப் பார்க்க ஜெர்மனி போகிறோம். "வசந்த காலம்தான், குளிராது" என்கிறார்கள். பெட்டியில் என்னென்ன எடுத்துவைப்பது?

"குளிராது" என்று உங்களிடம் சொன்னவர் ஏப்ரல் மாதத்தில் அங்கே போய் நின்றிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். என் மதினி. அவர் பேச்சைக் கேட்டு மூன்று டிகிரி குளிரில் சுங்குடிச் சேலையோடு நின்றேன்.

கேள்வியைப் பார்த்தால் முதல் தடவை போகிறீர்கள் என்று தெரிகிறது. அநேகமாகப் பேரன் பேத்தி விஷயமாக இருக்கும். இல்லாவிட்டால் நம் வயதில் யார் சித்திரை மாதக் கோயில் கொடையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்? மகள் அனுப்பிய பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இட்லிப் பொடியில் தொடங்கி இட்லித் துணியில் முடிந்திருக்கும். அதில் உங்களுக்கு என்று ஒரு பொருள்கூட இருக்காது. எனக்கு வந்த பட்டியலில் இல்லை.

நான் ஊர் சுற்றி எழுதுகிற ஆள் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கத்து அஞ்சலகங்களில் 31 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் பார்சலும் ரெஜிஸ்டர் தபாலும்தான். ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே எடையைச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட என்னுடைய பெட்டியைத்தான் சென்னை விமான நிலையத்தில் தரையில் போட்டுத் திறக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

என் டிக்கெட்டுக்கு ஒரு பெட்டி 23 கிலோ, கைப்பை 8 கிலோ. வீட்டில் கடைசியாக எடை பார்த்தபோது பெட்டி 22.6. உள்ளே அல்வா இரண்டு கிலோ, உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ, நாலு வகைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கூழ்வடகம், பேத்திக்குப் பட்டுப் பாவாடை, மருமகப்பிள்ளைக்கு வேட்டி. எனக்கு ஆறு சேலை, ஸ்வெட்டர், கம்பளிச் சால்வை, ஒரு ஜோடி ஷூ. 400 கிராம் மிச்சம் வைத்துப் பூட்டினேன். அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிலே இல்லை.

ஆட்டோ வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "எக்கா, சின்ன பார்சல்தான், எடையே இருக்காது. தம்பி மகன் அங்கனதான இருக்கான், கூப்பிட்டா வந்து வாங்கிக்கிடுவான்." வாங்கின கைக்கே தெரிந்துவிட்டது, 1.9 கிலோ. கவுன்ட்டரில் இருந்தால் திருப்பி நீட்டியிருப்பேன். வாசலில் வைத்து முடியவில்லை. மறுநாள் காலை எழும்பூரில் இறங்கி மதினி வீட்டுக்குப் போனால், அங்கே அப்பளம், வற்றல், அரைக் கிலோ கொப்பரை என்று 1.6 கிலோ தயாராக இருந்தது. நானே ஆசையாகக் கட்டிக்கொண்டேன். அம்மாக்கள் என்றால் அப்படித்தான், விடுங்கள்.

விமான நிலையத் தராசு 26.1 காட்டியது. என் கணக்கில் ஒரு கிராம் பிசகில்லை என்பதைக் கவனியுங்கள்! கவுன்ட்டரில் இருந்த பெண், "கொப்பரை ஏதும் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு வகையில் வருகிறது, அதில் இருக்கிற எண்ணெய்தான் காரணம். எடுத்தாயிற்று. மீதி 2.6 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டும். தொகையைக் கேட்டதும் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. என் உள்பாவாடை வரைக்கும் ஊர் பார்க்கிறது.

அப்போதுதான் மதினி அந்தப் பொன்மொழியைச் சொன்னார். "அங்க இப்ப வசந்த காலம் மதினி. பூ பூக்குற நேரத்துல எதுக்கு ஸ்வெட்டரு?" அல்வாவை எடுக்க எனக்கு மனசில்லை. பக்கத்து வீட்டுப் பார்சலை எடுத்தால் ஊருக்குத் திரும்பி முகத்தில் முழிக்க முடியாது. ஸ்வெட்டர், சால்வை, ஷூ, வெந்நீர்ப் பை எல்லாம் மதினி கைக்குப் போயின. பெட்டி சரியாக 23.

இதைப் படித்துவிட்டு, "ஸ்வெட்டரைக் கையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: அந்த யோசனை விமானம் கிளம்பிய பிறகு எனக்கும் வந்தது. நன்றி.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் மாறி மியூனிக்கில் இறங்கினேன். வெளியே வந்ததும் மருமகப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது என் முழங்கால் வரை வந்தது. அடுத்த ஒன்பது நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போனேன். கடைக்குப் போனால் குளிர் உடுப்பெல்லாம் பொங்கலுக்கு முன்பிருந்தே தள்ளுபடியில் தீர்ந்துவிட்டதாம், அலமாரி முழுக்க மெல்லிசுச் சட்டைகள். கடைசியில் பழைய துணிக் கடை ஒன்றில்தான் எனக்கு அளவாக ஒன்று கிடைத்தது.

நான் யோசித்துப் பார்த்தேன், தப்பு மதினி மேல் மட்டும் இல்லை. அந்தச் சொல்லின் மேலும்தான். சித்திரை வைகாசி நமக்கு இளவேனில். வேனில் என்ற சொல்லிலேயே வெப்பம் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் வசந்த மண்டபம் இருக்கிறதே, வெயில் தாங்காத காலத்தில் சாமியைக் குளிர்ச்சியாக உட்கார வைப்பதற்குத்தானே வசந்த விழா? வசந்தம் வந்தால் நாம் நிழல் தேடுகிறோம், அவர்கள் வெயில் தேடுகிறார்கள். பத்து டிகிரியில் வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் மியூனிக்காரர்கள் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் கடையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். எனக்குப் பார்க்கவே பல் கூசியது.

ஆனால் அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். மக்னோலியா என்று ஒரு மரம், கிளையில் ஒரு இலை இல்லை, உள்ளங்கை அகலத்தில் வெள்ளையும் ரோஸுமாகப் பூ. நம் ஊரில் முள்முருங்கை மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்குமே, அந்த மாதிரி. இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுகிறார்களாம், அதனால் நம் ஊருக்கும் அங்கேக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பேத்தியோடு பூங்காவில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் வெயில், மழை, அப்புறம் சோற்றுப் பருக்கை போல ஆலங்கட்டி, திரும்ப வெயில். ஏப்ரல் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும் என்று அவர்களிடம் ஒரு சொலவடையே இருக்கிறது. உடுத்துவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் வெங்காய முறை. ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிசாகப் போட்டுக்கொண்டு, வெயில் வந்தால் உரித்துக்கொண்டே போக வேண்டியது. நீங்களும் ஒரே ஒரு தடித்த கோட்டை வாங்கி இடத்தை அடைக்காதீர்கள். உள்ளே போடும் தெர்மல் பனியன் இரண்டு, நடுவில் ஸ்வெட்டர், மேலே மழையும் காற்றும் புகாத ஒரு ஜாக்கெட். காலுறை நிறைய. ஜாக்கெட்டையும் ஷூவையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், உடம்பில் இருப்பதை யாரும் எடை போடுவதில்லை. சென்னை வெயிலில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பார்சலுக்கு வருகிறேன். தம்பி மகனுக்குப் போன் செய்தால், அவன் இருக்கும் ஊர் ரயிலில் ஐந்து மணி நேரமாம். "ஆன்ட்டி, பார்சல் போட்டுருங்களேன்" என்கிறான்! கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் 31 வருடம் உட்கார்ந்தவள், வெளிநாட்டில் போய் அந்தப் பக்கம் நின்றேன். அங்கே பேப்பரும் சிகரெட்டும் விற்கிற பெட்டிக்கடை மாதிரி ஒரு கடையிலேயே பார்சலை வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் துணி வைத்துத் தைத்து, தையல் மேல் அரக்கை உருக்கி முத்திரை குத்திக் கொண்டுவருவார்கள். பிரித்தால் உடனே தெரியும். அப்புறம் அட்டைப் பெட்டியும் பிரவுன் டேப்பும் வந்தன. "உள்ள துணிதான் மேடம்" என்று கூசாமல் சொல்லிவிட்டு ஊறுகாயை வைத்து அனுப்புவார்கள். அது கசிந்து யார் யாருடைய தபாலோ எண்ணெய் குடிக்கும், வசவு எங்களுக்கு. தைக்கத் தெரியாதது பரவாயில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொல்வதற்குமா தெரியாது? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் யார் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். பார்சல் கட்டணம் என் செலவு. அந்தப் பையன் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாப்பாட்டுச் சாமானுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் அவற்றில் செய்தவையும் கொண்டுபோகக் கூடாது. நெய் பாட்டில், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். இனிப்புப் பலகாரத்துக்கு விலக்கு உண்டு என்று மருமகப்பிள்ளை சொன்னதால் அல்வா தப்பித்தது. பழம், காய்கறிக்குச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கு மட்டும் வேண்டாம். மாங்காய் அந்தப் பட்டியலில் இல்லை. அது என்னை மிகவும் வாட்டியது, ஏனென்றால் ஏப்ரல் 14 அங்கேதான் வந்தது. வருடப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி இல்லாமல் எப்படி?

கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் எங்கள் கொல்லை வேப்பம்பூவைக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஐம்பது கிராம்கூட இருக்காது. மொத்தப் பயணத்தில் நான் உருப்படியாகக் கட்டிய சாமான் அதுதான். கருப்பட்டி இருக்கிறது, கசப்பு இருக்கிறது, புளிப்புக்கு எங்கே போவது? மகள் காய்கறிக் கடையிலிருந்து சிவப்பாக நீளமாக ஒரு தண்டைக் கொண்டுவந்தாள். "அம்மா, இதைக் கடிச்சுப் பாரு." ரூபார்ப். கிளிமூக்கு மாங்காயே தோற்றது, அப்படி ஒரு புளிப்பு. அங்கே வசந்தத்தில் முதலில் வரும் சாமான்களில் இதுவும் ஒன்று, சர்க்கரை போட்டு வேகவைத்துச் சாப்பிடுவார்கள், கேக்கிலும் போடுவார்கள். இலை நஞ்சு, தண்டு மட்டும்தான் ஆகும். நார் உரித்து, கருப்பட்டிப் பாகில் வேகவிட்டு, வேப்பம்பூவை எண்ணெயில் வறுத்துப் போட்டேன். வெந்ததும் மாங்காய் மாதிரி துண்டாக நிற்காமல் குழைந்துவிட்டது, அது ஒன்றுதான் குறை. ஜன்னலுக்கு வெளியே அன்று பார்த்து லேசாகப் பனி விழுந்தது. பேத்தி மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பூவை மட்டும் ஒதுக்கிவிட்டு.

கீழ் வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் போனது. கசப்பு நாக்கில் பட்டதும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது, ஆனால் கிண்ணத்தைக் கழுவிப் பூ வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மே மாதத் தொடக்கத்தில் நான் பால்கனியில் மிளகாய்ச் செடி வைக்கப் போனபோது ஓடிவந்து தடுத்ததும் அவர்தான். மே 11 முதல் 15 வரை ஐந்து புனிதர்களின் நாள்களை உறைபனி நாள்களாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கடைசி நாளுக்குக் குளிர் சோஃபி என்று பெயர். சோஃபி போகும்வரை தக்காளி, மிளகாயை வெளியே நடக்கூடாதாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு அது புரியாமலா போகும்? பேசாமல் தொட்டியை உள்ளே எடுத்துவைத்தேன்.

மற்றவை சுருக்கமாக. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பவர் பேங்க்கும் கையில்தான். ஊறுகாய் பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் இருந்தால் 100 மில்லி கணக்கில் மாட்டும். விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அந்தத் தாளின் நகலும் கையில் இருக்கட்டும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்வெட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் அங்கே பழைய துணிக் கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு திரிந்துகொண்டிருந்த மே மாதத்தில், மதினி கொடைக்கானல் போன போட்டோ குடும்ப குரூப்பில் வந்தது. ஏரிக்கரையில் என் ஸ்வெட்டர், என் சால்வை. ஷூ மட்டும் அவருக்கு அளவு சேரவில்லை போலிருக்கிறது.