ஏழாம் கான்ஸ்டன்டைன்: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

பைசாண்டியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைனை நீங்கள் மிகவும் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் மாமனார் நாட்டை ஆள, இவர் புத்தகமும் கையுமாக அறைக்குள் இருந்திருக்கிறார். ஆட்சி கைக்கு வந்த பிறகும் பழைய நூல்களிலிருந்து வெட்டி ஒட்டியதுதான் மிச்சம். அந்தத் தொகுப்புகள் வந்ததால்தான் மூலநூல்கள் அழிந்தன என்றும் படித்தேன். இவர் எப்படி நல்ல அரசராவார்?

ச.

அன்புள்ள ச.,

அந்த அறைக்குள் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 905-ல் அவர் பிறந்தபோது அப்பா ஆறாம் லியோவுக்கும் அம்மா ஸோயிக்கும் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. மூன்று மனைவியரைப் பறிகொடுத்த லியோ நான்காவதாக ஸோயியை மணந்தபோது திருச்சபை ஏற்கவில்லை. 906 கிறிஸ்துமஸ் அன்று பேரரசரையே ஆலய வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார் தலைமை ஆயர் நிக்கோலஸ். 'போர்ஃபிரோஜெனிட்டஸ்', அதாவது அரண்மனையின் ஊதாக்கல் அறையில் பிறந்தவர் என்ற பட்டப்பெயரை நாம் பெருமையாகப் படிக்கிறோம். பிறப்பையே சந்தேகித்த ஊரில் அந்தப் பிள்ளைக்கு அதுதான் கவசம்.

ஏழு வயது நிறையும் முன்பே அப்பா போய்விட்டார். 919-ல் கடற்படைத் தளபதி ரோமானோஸ் லெகபெனோஸ் அரண்மனையைப் பிடித்து, தன் மகள் ஹெலினாவைச் சிறுவனுக்குக் கட்டிவைத்தார். மறு ஆண்டே தானும் பேரரசரானார். பிறகு தன் மூத்த மகனை மாப்பிள்ளைக்கு முன்வரிசையில் நிறுத்தினார். அரியணைக்கு இடைஞ்சலானவர்களின் கண்ணைப் பிடுங்கும் வழக்கம் உள்ள ஊர் அது. அங்கே வாயைத் திறக்காமல் கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தது சும்மா இருந்ததாகாது. 944 டிசம்பரில் ரோமானோஸை அவர் மகன்களே கவிழ்த்தார்கள். அடுத்த மாதமே அந்த மகன்களையும் மடத்துக்கு அனுப்பிவிட்டு, முப்பத்தொன்பது வயதில் தனியாக ஆளத் தொடங்கினார் இவர்.

அப்புறம் அவர் எழுதியது என்ன? தாத்தாவின் பெயரையே கொண்ட தன் மகன் ரோமானோஸுக்காக ஒரு நூல். அலங்கார நடையைக் காட்ட வரவில்லை, அன்றாடப் பேச்சில் உனக்குச் சொல்லித்தருகிறேன் என்று அதில் அவரே சொல்கிறார். பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். வடக்கத்திக் குடிகள் அரச உடையைக் கேட்டால் என்ன பதில் சொல்வது, எதிரிக் கப்பல்களை எரிக்கப் பைசாண்டியர் வைத்திருந்த, நீரிலும் எரியும் தீயின் ரகசியத்தைக் கேட்டால் என்ன பதில், பெண் கேட்டால் என்ன பதில் என்று வரிசையாக வருகிறது. தீயைக் கேட்டால், அதை ஒரு தேவதூதன் முதலாம் கான்ஸ்டன்டைனுக்குக் கொடுத்தான், வேறு எந்த நாட்டாருக்கும் தரக்கூடாது என்று ஆணை இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார். பேத்தியை பல்கேரிய மன்னனுக்குக் கொடுத்தாரே மாமனார் ரோமானோஸ் என்று கேட்டால், அவர் படிப்பறிவில்லாத சாதாரண ஆள் என்று சொல்லிவிடு என்கிறார். அடக்கிவைத்த ஆண்டுகளின் கசப்பு அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாம் அத்தியாயம். இன்றைய உக்ரைனின் கீவிலிருந்து ரூஸ் என்ற வடநாட்டு இனத்து வணிகர்கள் மரத்தைக் குடைந்து செய்த படகுகளில் தினேப்பர் ஆற்றில் இறங்கி வருகிறார்கள். பாறைகள் நிறைந்த நீர்வீழ்ச்சி வந்ததும் ஆட்களில் சிலர் துணியைக் களைந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, பாறையில் படகு மோதிவிடாதபடி வெறும் காலால் துழாவித் துழாவி நடக்கிறார்கள். பெரும்பாலான வீழ்ச்சிகளுக்கு ரூஸ் மொழியில் ஒரு பெயர், ஸ்லாவ் மொழியில் ஒரு பெயர். போய் வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். அண்டை நாட்டானின் கால் எங்கே வழுக்கும் என்பதுவரை தெரிந்துவைத்திருக்கிற அரசன் நாட்டை மறந்து படித்துக்கொண்டிருந்தான் என்று எப்படிச் சொல்வது?

சரி, வெட்டி ஒட்டிய விஷயம். பழைய வரலாற்று நூல்களை 53 தலைப்புகளில் பகுத்துத் தொகுக்கச் செய்தார். அவற்றில் இன்று முழுதாகவோ பாதியாகவோ கிடைப்பவை நான்கே தலைப்புகள். தொகுப்புதான் மூலத்தை அழித்தது என்றால் தொகுப்பாவது பிழைத்திருக்க வேண்டாமா? 1203-லும் 1204-லும் சிலுவைப்போர்ப் படை தலைநகர் கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு வைத்த தீயை விட்டுவிட்டு இவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் ஹூணர் மன்னன் அட்டிலாவின் விருந்துக்குப் போய்வந்த வரலாற்றாசிரியர் பிரிஸ்கஸ், விருந்தாளிகளுக்கு வெள்ளித் தட்டும் அட்டிலாவுக்கு மரத்தட்டும் வைக்கப்பட்டதை எழுதினார். அவருடைய முழு நூல் இன்று இல்லை. அந்த விருந்து நமக்குக் கிடைத்தது கான்ஸ்டன்டைன் தொகுப்பித்த தூதுகள் பற்றிய பகுதியால்தான்.

ஆட்சியிலும் குறிப்பிட வேண்டியது உண்டு. வலியவர்கள் ஏழை விவசாயிகளிடமிருந்து வளைத்துப்போட்ட நிலத்தை ஈடு பெறாமல் திருப்பித் தர வேண்டும் என்று 947-ல் சட்டம் போட்டார். அந்த வழியைத் தொடங்கிவைத்தவர் ரோமானோஸ். மாமனாரைப் படிக்காதவர் என்று எழுதிய கைக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வந்திருக்கலாம்.

தோல்வியும் உண்டு, மறைக்கவில்லை. 949-ல் கிரீட் தீவின் மீது அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. அவர் பெயரில் வழங்கும் அரண்மனைச் சடங்கு நூலில் அந்தப் படையெடுப்பின் கப்பல், ஆள், செலவுக் கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. 959-ல் அவர் இறந்தார். இரண்டே ஆண்டில், அந்த மகன் ரோமானோஸின் ஆட்சியில், தளபதி நிக்கெஃபோரஸ் ஃபோகாஸ் கிரீட்டைப் பிடித்தார்.