மாலை போட்டு ஒரே நாளில் குடியை விட்டால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு 54 வயது. இருபது ஆண்டுகளாகக் குடிக்கிறார், இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றோடு விட்டுவிடுவதாகச் சொல்கிறார். காலையில் கை நடுங்குகிறது. வீட்டிலேயே நிறுத்தினால் போதுமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

போக வேண்டும். அதுவும் மாலை போடுவதற்கு முன்பே போக வேண்டும். உங்கள் கேள்வியில் என்னைப் பதற வைத்தது அந்தக் கைநடுக்கம்தான். இரவு குடித்தது இறங்கும்போதே உடம்பு நடுங்கத் தொடங்குகிறதென்றால், மது இல்லாமல் நிதானமாக இருப்பதையே அவருடைய உடம்பு மறந்துவிட்டது என்று பொருள். நான் மருத்துவர் அல்ல. இதே போன்ற ஒரு கார்த்திகையில் எங்கள் வீட்டில் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

என் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் மாலை போட்டார். முதல் ஆண்டு இரண்டு நாள் வேர்வையும் தூக்கமின்மையும் இருந்தன. மூன்றாம் நாள் பஜனைக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு வாந்தியும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் ஆண்டு ஒரு வாரம் எழவே முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழையபடி கடைக்குப் போனார். "போன வருடமும் இப்படித்தானே விட்டார், ஒன்றும் ஆகவில்லையே" என்பதுதான் நான்காம் ஆண்டு எங்களுக்கு இருந்த தைரியம். அந்தக் கணக்கு தவறு. விடுவதும் தொடுவதுமாகப் போகும்போது, ஒவ்வொரு முறை விடுவதும் முந்தையதைவிடக் கடுமையாக வாய்ப்பு உண்டு. அதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

நான்காம் ஆண்டு விடியற்காலை குளித்து மாலை போட்டுக்கொண்டார். மதியம் அம்மா கொடுத்த காபி டம்ளரை அவரால் வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்தும் பாதி வேட்டியில் சிந்தியது. மறுநாள் காலை வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு நிமிடத்தில் அது தானாகவே அடங்கியது. நாங்கள் செய்திருக்க வேண்டியது, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108ஐ அழைப்பது. மாறாக, அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உடம்பில் சத்து இல்லை என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு அப்பா தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். உடம்பு மட்டும் கட்டிலில் கிடந்தது. போர்வையின் மேல் விரல்கள் எதையோ துழாவின, பிடித்தன; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு முறுக்கு; மறுபடியும் துழாவல். சிறு வயதிலிருந்து நான் பார்த்துப் பழகிய அசைவு அது. பாவில் அறுந்துபோன இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். இல்லாத இழைகளை விடிய விடிய முடிந்துகொண்டிருந்தார். நடுநடுவே சுவரில் எறும்பு ஏறுகிறது என்று தட்டினார். எப்போதோ இறந்துபோன பெரியப்பாவிடம் கூலி பாக்கி கேட்டார். என்னை யாரென்று தெரியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. சாமி குற்றம் என்று அம்மா அழுதார். விபூதி மந்திரித்து வாங்கிவரச் சித்தப்பா கிளம்பினார். விடிந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட் என்ற தூண்டும் பொருளை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் மூளையும் சும்மா இருப்பதில்லை. கதவை ஒருவர் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் எதிர்த்துத் தள்ளுவார் அல்லவா? வெளியே இருப்பவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் குப்புற விழுவார். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வேர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இந்தச் சித்தக் குழப்பம் வரக்கூடிய காலம். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்து, சிகிச்சையும் இல்லையென்றால் உயிர் போகலாம்.

அதனால், "மனக்கட்டுப்பாடு இருந்தால் விட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. என் அப்பாவிடம் மனக்கட்டுப்பாடு இருந்தது. அந்த இரண்டு நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. வலிப்பு வந்ததே அதனால்தான். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோதும் இதுதான் நடந்தது. மதுவைத் திடீரென்று விட்டதால் வரும் கடுமையான பாதிப்போடு வந்தவர்கள் அதிகரித்ததைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், ஈரல் கெட்டிருந்தால் லோரசிபாம் போன்ற மருந்துகளில் ஒன்றைக் கொடுத்து, மது விட்டுச்சென்ற இடத்தைத் தற்காலிகமாக நிரப்புவார்கள். பிறகு சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இந்த மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம், இவற்றுக்கும் அடிமையாகலாம். இன்னொன்று தயமின், அதாவது வைட்டமின் பி1. நீண்ட நாள் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பைத் தூண்டிவிடலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் "ஒரு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும்" என்கிறோம். குடிப்பவர் விஷயத்தில் அதைச் செய்யாதீர்கள். எங்கே போனாலும் "தினமும் குடிப்பவர், நேற்று நிறுத்தினார்" என்பதை முதலில் சொல்லுங்கள். நாங்கள் வெட்கப்பட்டு அதை மறைத்தோம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடிகளுக்கும் சுவரெல்லாம் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். என் அம்மாவும் ஒருமுறை வாங்கினார். அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற உண்மையான மருந்து ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். சாப்பிடுபவரின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

உடம்பு தெளிவதற்கு ஒரு வாரம் போதும். குடியிலிருந்து மீள்வதற்கு அது தொடக்கம் மட்டுமே. அப்பா வீடு திரும்பிய நான்காம் மாதம் மறுபடி குடித்தார். எல்லாம் வீண் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சர்க்கரை நோயாளி ஒருநாள் இனிப்புச் சாப்பிட்டால் மருந்தையே நிறுத்திவிடுவோமா என்று மனநல மருத்துவர் கேட்டார். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆலோசனையும், வாராவாரம் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் சேர்ந்து பேசும் கூட்டமும் உண்டு. அப்பாவுக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்தக் கூட்டம். தன்னைப் போலவே கை நடுங்கிய நான்கு பேரோடு உட்கார்ந்து பேசக் கிடைத்த இடம் அது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னை என்றால், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவோம், கட்டிப்போட்டுத் திருத்துவோம் என்கிற இடத்தின் வாசலையே மிதிக்காதீர்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள். மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் அப்பா அந்த ஒருவராக இருக்கட்டும்.

விட வேண்டும் என்று அவராக நினைத்தது பெரிய விஷயம். அந்த ஆசையைக் குலைத்துவிடாதீர்கள். மாலை போட வேண்டாம் என்று சொல்லாமல், "அதற்கு முன்னால் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போடலாம் அப்பா" என்று சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை திடீரென்று நிறுத்தச் சொல்ல வேண்டாம். இதற்குள் அவர் நிறுத்திவிட்டிருந்து, வலிப்போ காய்ச்சலோ குழப்பப் பேச்சோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

போகும்போது, கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான். நாங்கள் ஐந்து பேர் நின்றிருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை.