மீந்த சோறு யார் வயிற்றுக்குப் போகிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 97 கிலோ இருந்தவன் பேலியோவில் இறங்கி ஒன்பது மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். மூன்று வருடமாக அதை விடவில்லை. அரிசி, கோதுமை, பருப்பு, பழம், சர்க்கரை எதையும் தொடுவதில்லை. காலையில் நெய்யில் வறுத்த பாதாம் 100, மதியம் நான்கு முட்டையும் காய்கறியும், இரவு மட்டன் அல்லது பனீர். மனைவி எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்து தந்துவிடுகிறாள். பிள்ளைகள் சாப்பிட்டது போக மீதமாகும் சோற்றையும் இட்லியையும் அவளே தீர்த்துவிடுவதால் எதுவும் வீணாவதில்லை. ஆனால் அவளுக்கு வாய்க்கட்டுப்பாடு கிடையாது, நன்றாக உடம்பு போட்டுவிட்டாள். எனக்கு சுகர், பிரஷர் இல்லை. கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்டிஎல் மட்டும் 118-லிருந்து 196 ஆகியிருக்கிறது. எடை குறைந்தவர்களுக்கு அது ஏறினால் பயமில்லை என்கிறார்கள் நண்பர்கள். ஆயுள் முழுக்க இந்த உணவிலேயே இருந்துவிடலாமா? சோறு சாப்பிட்டால் எடை திரும்பிவிடும் என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: தம்பி, பேலியோ பற்றிய கடிதம் வராத மாதம் இந்தப் பகுதியில் இல்லை. குறைத்த எடையைத் தக்கவைக்க முடியுமா, சிறுநீரகம் கெடுமா, கொழுப்பு ஏறுமா என்று எல்லாரும் தங்கள் உடம்பைப் பற்றியே கேட்கிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். முதலில் உங்கள் மனைவி தீர்த்துவைக்கும் அந்த மீந்த சோற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

விடிந்ததும் பிள்ளைகளுக்கு இட்லி, கையில் கொடுத்துவிட மதியச் சாப்பாடு. அதற்கு நடுவே உங்களுக்குப் பாதாம் வறுக்க வேண்டும். மதியம் பருப்பு சேராமல் உங்களுக்குத் தனிப் பொரியல், முட்டை. இரவில் பிள்ளைகளுக்குத் தோசை, உங்களுக்கு மட்டன். ஒரு வீட்டில் இரண்டு சமையல், செய்பவர் ஒருவர். நீங்கள் பந்தியிலிருந்து எழுந்துவிட்டீர்கள். குக்கரில் அரிசி போடும் கை மட்டும் பழைய கணக்கையே போடுகிறது. உங்கள் பங்குச் சோறு சட்டியில் நிற்கிறது. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அதை என்ன செய்வார்? தட்டில் போட்டுக்கொள்கிறார். மூன்று வருடமாக உங்கள் சாப்பாட்டையும் சேர்த்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உங்களிடமிருந்து இறங்கிய எடையில் ஒரு பகுதி அந்த வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

அதைப் பார்த்துவிட்டு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று எழுத எப்படி மனசு வந்தது? உங்கள் கட்டுப்பாடு யார் தயவில் நடக்கிறது? வேளைக்கு வேளை தட்டு தயாராக வந்து நின்றால் யாருக்கும் கட்டுப்பாடு வரும். ஒரு வாரம் அவரை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையையும் பார்த்து, பிள்ளைகளுக்கும் சமைத்து, உங்கள் பாதாமையும் மட்டனையும் நீங்களே வறுத்துப் பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு முட்டையில் ஒன்றாவது அவருக்கு உண்டா? மட்டன் எடுக்கும் நாளில் அவர் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது? கிலோ எண்ணூறு, ஆயிரம் விற்கும் பாதாமை மாதம் மூன்று கிலோவுக்கு மேல் ஒருவருக்காக வாங்கும் வீட்டில், சமைப்பவர் ஒரு கைப்பிடியாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கறியும் முட்டையும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், பெண்ணுக்குக் குழம்பும் சோறும் மிஞ்சுகிற வழக்கத்துக்கு அதில் பங்கு இல்லை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். புரதம் இல்லாத வெறும் சோறு சீக்கிரம் செரித்து மறுபடி பசிக்கும். பசித்தால் இன்னும் கொஞ்சம் சோறு. அவர் உடம்பு ஏறியது இப்படித்தான் இருக்கும்.

நம் மக்கள் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. சென்னையிலுள்ள ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தியது. அதில் சிறிதளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தாலே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறையும் என்பது அதன் முடிவு. எந்தத் தட்டைக் கண்டு பயந்து நீங்கள் எழுந்து ஓடினீர்களோ, அதே தட்டின் முன்னால் உங்கள் மனைவியை உட்கார வைத்திருக்கிறீர்கள். கட்டியவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஆரோக்கியமாக இருப்பது குடும்பஸ்தனுக்கு அழகில்லை.

இனி உங்கள் கேள்வி. ஆயுள் முழுக்க வேண்டாம்.

எடை குறைப்பதில் இந்த முறைக்கு முதல் ஆறு மாதம் ஒரு வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மறுபிரிவுக்குக் கொழுப்பையும் குறைத்து 12 மாதம் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவு: ஒரு பக்கம் சராசரியாக 6 கிலோ, மறுபக்கம் 5.3 கிலோ. பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. அதே வருடம் அமெரிக்காவில் 15,000-க்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று வந்தது. மாவுச்சத்து மிக அதிகமாக உண்டவர்களிடமும் மிகக் குறைவாக உண்டவர்களிடமும் மரணம் கூடுதலாக இருந்தது. மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களிடம் கூடுதல், பயறு, கொட்டை போன்ற தாவர உணவால் நிரப்பியவர்களிடம் குறைவு. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், காரணத்தை நிரூபித்த சோதனை அல்ல. ஆனால் அரிசியோடு பருப்பையும் பழத்தையும் சேர்த்துத் தூக்கியெறிந்தவர் நீங்கள். உங்களுக்கு அதில் சேதி இருக்கிறது.

எல்டிஎல் 196 விஷயத்தில் நண்பர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். 190-ஐத் தாண்டினாலே, வேறு நோய் எதுவும் இல்லாவிட்டாலும் மருந்து வேண்டுமா என்று டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டிய அளவு அது. நம் ஊர்க்காரர்களுக்கு மாரடைப்பு மேலைநாட்டினரைவிடச் சில வருடம் முன்னதாகவே வருகிறது. உங்கள் வயது 44. தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதையும் பார்த்துவிடுங்கள். கடுமையான பேலியோவால் எல்டிஎல் ஏறிய சிலருக்கு, மாவுச்சத்தை ஓரளவு சேர்த்து நெய்யையும் வெண்ணெயையும் குறைத்தாலே நன்றாக இறங்கிவிடுகிறது.

(சர்க்கரை நோயாளிகள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பேலியோ தொடங்க நினைத்தால், டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம்.)

சோற்றுக்குத் திரும்பும்போது நீங்கள் பயப்படப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து சேர்ந்ததும் கல்லீரலும் தசையும் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். அதனால் முதல் வாரத்திலேயே எடை மெஷினில் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். அது தண்ணீர், கொழுப்பு அல்ல. ஆரம்பத்தில் மளமளவென்று குறைந்ததும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். பலர் இந்த இடத்தில் பதறிப்போய்ப் பழையபடி ஓடிவிடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள்.

முதல் மாதம் சோறு வேண்டாம், பருப்பும் பயறும் வரட்டும். மதியம் ஒரு கிண்ணம் கூட்டு, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். பாதாம் ஒரு கைப்பிடி போதும். பிறகு கொய்யா, பப்பாளி. அதன்பின் மதியத்தில் மட்டும் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கப் வரை. தட்டில் பாதி காய்கறி எப்போதும் இருக்க வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வயிறு முட்டச் சோறு தின்னச் சொல்லவில்லை நான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் உடற்பயிற்சியும் வேண்டும். கடையில் மூட்டை தூக்குவதைப் பையன்களிடம் விட்டிருந்தால், அதில் கொஞ்சத்தை நீங்களே தூக்குங்கள்.

நான் சொன்ன இந்தச் சாப்பாட்டை உங்கள் மனைவியும் பிள்ளைகளும் அப்படியே சாப்பிடலாம். பிள்ளைகள் வளர்கிற வயது, அவர்களுக்குச் சோறு கொஞ்சம் கூட இருக்கட்டும். வீட்டில் ஒரே சமையல். இரவு அரிசியையோ மாவையோ எவ்வளவு எடுப்பது என்று நீங்கள் போய் அளந்து கொடுங்கள், மீதமே ஆகாத அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டனை அவருக்கு நீங்கள் பரிமாறுங்கள். இல்லை, எனக்குப் பேலியோதான் என்றால் உங்கள் சமையலை நீங்களே செய்துகொள்ளுங்கள். அதற்குமேல் அவர் கையிலிருந்து ஒரு பாதாம்கூட வறுபட்டு வரக்கூடாது.

இந்த வாரமே இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போங்கள். உங்களுக்குக் கொழுப்புப் பரிசோதனை, தைராய்டு. அவருக்கு ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு. டோக்கன் போடும் இடத்தில் அவர் பெயரை முதலில் சொல்லுங்கள்.