யோசேப்புக்கு வசனம் இல்லை

அன்புள்ள அக்கா,

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். இப்போது பெங்களூரில் வேலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அறை நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "இயேசுவின் கன்னிப் பிறப்பு என்பதே மொழிபெயர்ப்புப் பிழைதான். ஏசாயா தீர்க்கதரிசி எழுதியது இளம்பெண் என்று. கிரேக்கத்தில் அதைக் கன்னி என்று மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து பிறந்த கதை இது" என்றார். இன்னொருவர் குந்தியைச் சொன்னார். கர்ணன் பிறந்ததும் இதே மாதிரிதானே என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குப் போனபோது எங்கள் சபைப் போதகர் ஐயரவாளிடம் கேட்டேன். விசுவாசிக்க வேண்டியதை ஆராயக் கூடாது என்று முடித்துவிட்டார்.

எனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண் கேட்டது வேறு கேள்வி. "மரியாளுக்குக் கன்னியாக இருந்ததால்தான் உயர்வு என்றால், மற்ற அம்மாக்கள் எல்லாரும் ஒரு படி கீழா?" இதற்கும் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எழுத வேண்டும்.

எம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம்.

என் மேஜையில் இரண்டு தமிழ் பைபிள்கள் இருக்கின்றன. ஒன்று அம்மா வைத்திருந்த பழைய மொழிபெயர்ப்பு. அதில் ஏசாயா 7:14 "இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்" என்று இருக்கிறது. அம்மா அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "மத். 1:23" என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். சுவிசேஷம் எழுதிய மத்தேயு, அந்த வரியை மரியாளுக்குப் பொருத்தி எடுத்து வைக்கிற இடம் அது. இன்னொன்று, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியம். அதே வசனம் அதில் "கருவுற்றிருக்கும் அந்த இளம்பெண்" என்று இருக்கிறது. ஆக, நண்பர் சொன்னது யாரும் மூடி வைத்த ரகசியம் கிடையாது. கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கிற புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. 1952இல் ஆங்கிலத்தில் ஒரு திருத்தப் பதிப்பு இதே மாற்றத்தைச் செய்தபோது அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கொளுத்தினார். அவ்வளவு பயம் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஏசாயாவின் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தால் விஷயம் தெளிவாகும். கி.மு. 735 வாக்கில் நடப்பது. சீரியா ராஜா ரேத்சீனும் இஸ்ரவேல் ராஜா பெக்காவும் சேர்ந்துகொண்டு எருசலேமின்மேல் படையெடுத்து வருகிறார்கள். யூதாவின் ராஜா ஆகாஸுக்கு உதறல். காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல அவன் இருதயமும் ஜனங்களின் இருதயமும் அசைந்தன என்கிறது வேதம். வண்ணார் துறைக்குப் போகும் வழியில், மேல்குளத்து மதகுக்குப் பக்கத்தில் வைத்து ஏசாயா அவனைச் சந்திக்கிறார். பயப்படாதே என்கிறார். பிறகுதான் இந்த அடையாளம்: ஒரு பெண் பிள்ளை பெறுவாள், அந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியும் முன்பே இந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகிவிடும். அப்படியே நடந்தது. கி.மு. 732இல் அசீரியர்கள் தமஸ்குவைப் பிடித்தார்கள். எழுநூறு வருஷம் கழித்துப் பிறக்கப்போகும் குழந்தை, முற்றுகைக்குப் பயந்து நிற்கும் ஆகாஸுக்கு என்ன அடையாளமாக இருக்க முடியும்? அந்தப் பிள்ளை அந்தக் காலத்துப் பிள்ளைதான்.

சொல்லையும் பார்த்துவிடுவோம். எபிரேயத்தில் இருப்பது அல்மா. கல்யாண வயதுப் பெண் என்று பொருள். கன்னித்தன்மையைக் குறித்துச் சொல்ல பெதூலா என்று வேறொரு சொல் உண்டு. ஆனால் அல்மா என்றால் கன்னி இல்லை என்றும் ஆகிவிடாது. ஆதியாகமம் 24இல் கல்யாணமாகாத ரெபெக்காளுக்கு இரண்டு சொற்களும் வருகின்றன. ஏசாயாவின் அல்மாவை பார்த்தெனோஸ் (கன்னி) என்று கிரேக்கத்தில் கொண்டுபோனவர்களும் கிறிஸ்தவர்கள் இல்லை. இயேசு பிறப்பதற்கு முன்பே கிரேக்கம் பேசிய யூதர்கள் செய்த மொழிபெயர்ப்பு அது. அவர்கள் அந்தச் சொல்லை எவ்வளவு தளர்வாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆதியாகமம் 34இல், சீகேம் என்பவன் கையில் சீரழிக்கப்பட்ட பிறகும் யாக்கோபின் மகள் தீனாளை அவர்கள் பார்த்தெனோஸ் என்றே சொல்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் இந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டியபோது, யூதர்கள் அது "இளம்பெண்" என்று மறுத்தார்கள். ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் டிரைஃபோ என்ற யூதரோடு நடத்தியதாக எழுதியிருக்கும் உரையாடலில் இந்தச் சண்டை வருகிறது. உங்கள் அறையில் நடந்த பேச்சுக்கு வயது 1,800க்கு மேல்.

சரி, இனி மறுபாதி. நண்பர் சறுக்குவது இங்கேதான். "அதிலிருந்து பிறந்த கதை" என்கிறார். அப்படிப் பிறந்திருக்க வேண்டும் என்றால், கன்னியிடம் மேசியா, அதாவது வரப்போகும் மீட்பர், பிறப்பார் என்று அந்த வசனத்தை வைத்து யாராவது முன்பே காத்திருந்திருக்க வேண்டும். இயேசுவுக்கு முன்னால் யூதர்கள் யாரும் அதை அப்படி வாசித்ததற்குத் தடயம் இல்லை. சுவிசேஷம் எழுதிய இன்னொருவரான லூக்காவைப் பாருங்கள். காபிரியேல் தூதன் வருவது, மரியாள் கலங்குவது, "இது எப்படியாகும்? புருஷனை அறியேனே" என்று கேட்பது என்று அவ்வளவு விரிவாகச் சொல்கிறவர் ஏசாயாவின் அந்த வரியை ஓர் இடத்தில்கூட எடுக்கவில்லை. எடுப்பவர் மத்தேயு மட்டும். மத்தேயுவின் வழக்கமும் நமக்குத் தெரியும். நடந்ததாகத் தான் கேட்டதை முதலில் சொல்வார், அப்புறம் அதற்குப் பொருந்தும் வசனத்தைத் தேடி எடுத்து வைப்பார். குழந்தை எகிப்துக்குப் போய்த் திரும்பியதற்கு அவர் வைக்கிற ஓசியா தீர்க்கதரிசியின் வசனமும் மூலத்தில் இஸ்ரவேல் ஜனங்களைப் பற்றியதுதான். எனவே நம்பிக்கை முந்தி, வசனம் பிந்தி. வசனத்தை எடுத்துவிட்டாலும் நம்பிக்கை அப்படியே நிற்கும்.

இன்னொன்று. மத்தேயுவும் லூக்காவும் பிறப்புக் கதையின் பல விவரங்களில் ஒத்துப்போவதில்லை. ஒருவரிடம் சாஸ்திரிகள், மற்றவரிடம் மேய்ப்பர்கள். மரியாளுக்கு நிச்சயமான யோசேப்பின் அப்பா பெயர்கூட ஒருவரிடம் யாக்கோபு, மற்றவரிடம் ஏலி. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்றே இதிலிருந்து தோன்றுகிறது. அப்படிப்பட்ட இருவரும் புருஷன் இல்லாமல் கருவுற்றாள் என்பதில் ஒன்றாக நிற்கிறார்கள். ஆக, இருவருக்கும் முன்பே இந்தப் பேச்சு சபைகளில் இருந்திருக்கிறது. அதற்கு மேல் வரலாற்றால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. பவுல் "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்று மட்டும் எழுதினார், மாற்கு பிறப்பைப் பற்றியே பேசவில்லை. இந்தச் செய்தியைச் சொல்லாமலும் ஆதிச் சபையில் சுவிசேஷம் சொல்ல முடிந்திருக்கிறது. நான் ஞாயிறுதோறும் சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப்பிரமாணத்தில் "கன்னிமரியாளிடத்தில்" என்ற இடத்தை மனதாரச் சொல்கிறவள். ஆனால் நிரூபித்துவிட்டேன் என்று உங்கள் நண்பரிடம் சொல்ல மாட்டேன். சில பிராணிகள் இணை சேராமல் குட்டி போடுகின்றன என்று அறிவியலைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். பாலூட்டிகளில் அது இயற்கையாக நடப்பதில்லை. நடந்தாலும் பெண் குழந்தைதான் பிறக்கும். அந்த வழி வேண்டாம்.

குந்தி விஷயத்தில் உங்கள் நண்பரோடு நான் சண்டை போட மாட்டேன். மேலே சொன்ன ஜஸ்டினே, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸும் கன்னியிடம் பிறந்தவன் என்றுதானே நீங்கள் சொல்கிறீர்கள் என்று ரோமர்களைப் பார்த்துக் கேட்டவர். வித்தியாசம் இருக்கிறது. சூரியன் குந்தியின் முன்னால் ஆளாக வந்து நிற்கிறான், அவளைக் கூடுகிறான். லூக்காவில் தூதன் சொல்வது, பரிசுத்த ஆவி மரியாள்மேல் வரும், உன்னதமானவருடைய பலம் அவள்மேல் "நிழலிடும்" என்பது மட்டும். யாத்திராகமக் கடைசியில், கடவுளை வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் மேகம் தங்கியதற்குக் கிரேக்க பைபிளில் இருப்பதும் இதே சொல்தான். ஆவியானவரைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெண்பால். ஆண் தெய்வம் ஒரு பெண்ணைத் தேடி வருகிற கதை இல்லை இது. ஆனால் குந்தியின் கதையில் என்னை உலுக்குவது வேறு. அந்தச் சின்னப் பெண் பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறாள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மரியாளுக்கும் அதே பயத்துக்குக் காரணம் இருந்தது. அதனால்தான் உங்களுக்கு நிச்சயமான பெண்ணின் கேள்வியை எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன்.

அவர் சொல்கிற அந்தப் படி நிஜமாகவே இருந்தது. வைத்தவர்களில் ஒருவர் பெயரும் தெரியும். 4ஆம் நூற்றாண்டில் ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர், இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையில் வருகிற நூறு, அறுபது, முப்பது என்ற விளைச்சலை எடுத்து, நூறு கன்னியருக்கு, அறுபது விதவைகளுக்கு, முப்பது மனைவிகளுக்கு என்று பங்கு பிரித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களில் கன்னியும் மனைவியும் சமம் என்று சொன்ன ஜொவினியன் சபையிலிருந்து தள்ளப்பட்டார். அதற்கும் முன்னால், 2ஆம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரில் எழுதப்பட்ட ஒரு நூலில், சலோமே என்பவள் பிரசவத்துக்குப் பிறகு மரியாளை விரலால் சோதிக்க, அவள் கை வெந்துபோகிறது. எனக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது உடம்பு கூசும். நான்கு சுவிசேஷங்களில் யாரும் மரியாளைச் சோதிக்கவில்லை. உடம்பின் தூய்மைக்காக அவளைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு வரி கிடையாது. மரியாளே பாடும்போது, "தம்முடைய அடிமையின் தாழ்மையை நோக்கிப்பார்த்தார்" என்கிறாள்.

மத்தேயு என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இயேசுவின் வம்ச வரலாற்றில் மரியாளுக்கு முன்னால் நான்கு பெண்களைச் சேர்க்கிறார். சாராள், ரெபெக்காள் என்ற பெரிய பெயர்களை விட்டுவிட்டார். அவர் சேர்ப்பது தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. ஊர் வாயில் விழுந்திருக்கக்கூடிய பெண்கள். தாமாரின் கதையை நம் ஞாயிறு பள்ளியில் சொல்லித்தர மாட்டார்கள். புருஷன் செத்து, தனக்குச் சேர வேண்டிய உரிமையை மாமனார் யூதா கொடுக்காமல் ஏமாற்றியதால், முகத்தை மூடிக்கொண்டு வழியோரம் உட்கார்ந்து, அந்த மாமனாராலேயே கர்ப்பமானவள் அவள். யாரால் என்று தெரியாமல் யூதா, அவளை வெளியே கொண்டுவந்து சுட்டெரியுங்கள் என்கிறான். அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கோலையும் அவள் அனுப்பிக் காட்டிய பிறகு, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று சொல்கிறான். அந்தத் தாமாரில் தொடங்கிய பெண்களின் வரிசை, கர்ப்பமாயிருக்கும் இன்னொரு பெண்ணில் வந்து நிற்கிறது. அங்கே ஒரு ஆண், யாரும் மோதிரம் காட்டும் முன்பே, அவளை எரிக்க நினைக்கவில்லை. "யோசேப்பு நீதிமானாயிருந்து, அவளை அவமானப்படுத்த மனதில்லாமல்." ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் வேறு ஆணோடு கூடினால் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று உபாகமம் 22 சொல்கிறது. அந்தச் சட்டம் தெரிந்தவனை, அதைக் கையில் எடுக்காததற்காக, மத்தேயு நீதிமான் என்கிறார். இத்தனைக்கும் தூதன் இன்னும் சொப்பனத்தில் வரவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது.

எனக்குப் பதினான்கு வயதில் எங்கள் தெருவில் ஒரு அக்கா கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமானார். பையன் மும்பைக்குப் போய்விட்டான். அவர் பாடகர் குழுவில் முன்வரிசை. மரியாளின் பாட்டை மாலை ஆராதனையில் அவர்தான் எடுப்பார். டிசம்பர் முதல் வாரம் சபை ஒழுங்கு என்று சொல்லி அவரைக் குழுவிலிருந்தும் திருவிருந்திலிருந்தும் நிறுத்தினார்கள். பாட்டை வேறொருவர் எடுத்தார். "தம்முடைய அடிமையின் தாழ்மையை" என்ற வரி வந்தபோது அந்த அக்காவின் அம்மா கடைசி பெஞ்சில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது எனக்கு இன்னும் தெரிகிறது. அன்றும் விசுவாசப்பிரமாணம் சொன்னோம். கன்னிமரியாளிடத்தில் பிறந்தார் என்று எல்லாரும் கிழக்கே திரும்பி நின்று சொன்னோம்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் என் அண்ணன்தான் யோசேப்பு. தாத்தாவின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தனக்கு என்ன பேச்சு என்று ஞாயிறு பள்ளி டீச்சரிடம் போய்க் கேட்டான். அவர் பைபிளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யோசேப்புக்கு வசனம் இல்லடா" என்றார். உண்மைதான், நான்கு சுவிசேஷத்திலும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. அண்ணனுக்கு ஏமாற்றம். அப்படியானால் நான் என்னதான் செய்ய என்று கேட்டான். "மரியாள் பக்கத்துல நில்லு. அவ எங்க போனாலும் கூடப் போ" என்றார் டீச்சர்.

உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்கிறேன், தம்பி. மத்தேயு முதல் அதிகாரத்தைச் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று தாண்டாதீர்கள். தாமார் பெயர் வருகிற மூன்றாம் வசனத்தில் நிறுத்தி, ஆதியாகமம் 38ஐ எடுத்து முழுக்கப் படித்துவிட்டு, மறுபடி பட்டியலுக்கு வாருங்கள். உங்களுக்கு நிச்சயமானவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா